சிங்கப்பூர்–நியூயார்க்: நிற்காமல் பறக்க எதையெல்லாம் இறக்கிவைக்கிறார்கள்

கேள்வி இது: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே விமானம் பறக்கிறது. அவ்வளவு எரிபொருளை எங்கே வைக்கிறார்கள்? விமானிகள் எப்போது தூங்குவார்கள்? நடுக்கடலில் ஏதாவது ஆனால் என்ன கதி? அதில் ஏன் எகானமி வகுப்பே கிடையாது? வயதான அப்பா அம்மாவை அதில் ஏற்றிவிடலாமா?

எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரே சங்கதி: எடை. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் விமானம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் ஓட்டுவது ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (அல்ட்ரா லாங் ரேஞ்ச், அதாவது மிக நீள்தூரம்) என்ற ரகம். அந்த ரகத்தில் ஏழு விமானங்கள் அவர்களிடம் உண்டு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. நிலையத்துக்கு நேர்தூரம் 15,349 கி.மீ. பக்கத்திலேயே நியூஜெர்சியில் உள்ள நெவார்க் நிலையத்துக்கு 15,344 கி.மீ. நெவார்க் சேவை 2018 அக்டோபரிலும் ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரிலும் தொடங்கின. கால அட்டவணைப்படி பயண நேரம் பதினெட்டரை மணியையொட்டி இருக்கும். பருவத்தையும் திசையையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

சாதாரண ஏ350-900 விமானம் சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். யூ.எல்.ஆர். ரகம் 1,65,000 லிட்டர் கொள்ளும். கூடுதலான 24,000 லிட்டருக்காகச் சரக்கறையில் தனித்தொட்டி எதையும் சொருகவில்லை. இறக்கைகளிலும் நடுவயிற்றிலும் ஏற்கெனவே இருந்த தொட்டிகளிலேயே எரிபொருள் அமைப்பை மாற்றிக் கொள்ளளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் விமான எரிபொருள் ஏறத்தாழ 0.8 கிலோ. ஆக, தொட்டி முழுக்க நிரப்பினால் அதன் எடை மட்டும் 130 டன் வரும். அந்த விமானம் ஓடுபாதையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி, வெறும் எண்ணெய்!

இங்கேதான் நீள்தூரப் பறத்தலின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. கட்டுச்சோற்று மூட்டையோடு நெடுவழி நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைத் தூக்குவதாலேயே பசி கூடும். அந்தப் பசிக்கும் சேர்த்துச் சோறு கட்டினால் மூட்டை இன்னும் கனக்கும். விமானத்திலும் அதே கதைதான். வேண்டாத எடை ஏதாவது ஏறினால், அதைச் சுமப்பதற்காகவே மணிக்கு அந்த எடையில் மூன்று முதல் நான்கு சதவீதம் வரை கூடுதலாக எரியும் என்பது இத்துறையில் புழங்கும் பொதுக்கணக்கு. சென்னை–கோலாலம்பூர் மாதிரி நாலு மணி நேரப் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது. பதினெட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நிலைமை வேறு: ஒரு டன் கூடுதல் எரிபொருளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அதில் ஏறக்குறைய பாதி நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் தன்னைத் தானே சுமந்ததற்காகத் தீர்ந்துபோயிருக்கும். அதனால்தான் நடுவில் ஓரிடத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போவது, இவ்வளவு தூரத்துக்கு, எரிபொருளை மட்டும் பார்த்தால் சிக்கனமானது. நிற்காமல் போவதற்கு நாம் கொடுக்கும் விலை நேரத்துக்கான விலை.

இப்போது எகானமி ஏன் இல்லை என்பது விளங்கும். அதே நிறுவனம் மற்ற நெடுந்தூரத் தடங்களில் ஓட்டும் ஏ350-900 விமானத்தில் 253 இருக்கைகள். யூ.எல்.ஆர். ரகத்தில் 161தான்: பிசினஸ் 67, அதற்கும் சாதாரண எகானமிக்கும் நடுவில் வரும் பிரீமியம் எகானமி 94. பயணி ஒருவரையும் அவருடைய பெட்டிகளையும் சேர்த்து நூறு கிலோ என்று வைத்தால், குறைந்துபோன 92 பேரும் ஒன்பது டன்னுக்கு மேல். முன்பக்கச் சரக்கறையையும் மூடிவிட்டார்கள். வழக்கமான விமானங்கள் அந்த அறையில் சரக்கு ஏற்றித்தான் நல்ல காசு பார்க்கும். இருக்கையும் குறைந்து, சரக்கும் குறைந்த பிறகு, ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தாக வேண்டும். எகானமிக் கட்டணத்துக்கு அந்தக் கணக்கு கட்டாது.

இது சும்மா ஊகம் இல்லை. ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 2004 ஜூனில் இதே நிறுவனம் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தை வைத்து நெவார்க்குக்கு நேர்சேவை தொடங்கியது. முதலில் 181 இருக்கைகள். 2008இல் அதை நூறு பிசினஸ் இருக்கைகளாக மாற்றினார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்கவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அந்த விமானத்தின் தொட்டி இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும். எண்ணெய் விலை ஏறியிருந்த அந்த ஆண்டுகளில் நூறு பேரை ஏற்றிக்கொண்டு நான்கு எஞ்சினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஐந்து ஆண்டு கழித்துச் சேவை திரும்பி வந்தது என்றால், இரண்டு எஞ்சினில் அதே தூரத்தைத் தாண்டுகிற, பாதிக்கு மேல் கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆன விமானம் கைக்கு வந்ததுதான் காரணம். சிட்னி–லண்டன் நேர்சேவைக்காக இப்போது திட்டமிடப்பட்டுள்ள ஏ350-1000 விமானத்திலும் இதையே பார்க்கலாம்: பின்பக்கம் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி, முந்நூறு பேருக்கு மேல் தாராளமாக உட்காரக்கூடிய உடம்பில் 238 இருக்கைகள்.

பாதைக்கு வருவோம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரில் ஒரு முனையையும் நியூயார்க்கில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. நேரே உச்சிக்கு ஏறி, வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள்ளாகவே உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கும். காரணம், இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 178 பாகை. பூமிப் பந்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்பக்கம் என்றே சொல்லலாம்.

ஆனால் விமானம் அந்த நூல் போகும் வழியில் போவதில்லை. ஏனென்றால், விமானத்துக்குத் தரையில் கடக்கும் தூரம் முக்கியமில்லை. காற்றுக்குள் கடக்கும் தூரம்தான் முக்கியம். 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே சில நாள் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் தென்சீனக் கடல், ஜப்பான் பக்கம், வட பசிபிக் என்று வந்து இந்த ஆற்றில் இறங்கிவிடும். தரைக்கணக்கில் ஆயிரம் கி.மீ. சுற்றானாலும் நேரம் மிச்சமாகும், எண்ணெயும் மிச்சமாகும்.

திரும்பி வரும்போது அதே வழியில் வந்தால் அந்தக் காற்று முகத்தில் அறையும். ஆகவே நியூயார்க்கிலிருந்து வரும் விமானம் பல நாள்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா, மேற்கு ஆசியா அல்லது மத்திய ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று இன்னும் கிழக்கு நோக்கியே பறந்து வரும். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. ஒரு தடவை போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம் என்று பொருள்! இது ஒவ்வொரு நாளும் தனித்தனியாகப் போடப்படும் கணக்கு. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, தரையில் இருக்கும் டிஸ்பாட்ச் பிரிவு அன்றைய காற்று, புயல், மூடப்பட்ட வான்வெளி எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பாதையைத் தேர்ந்தெடுக்கும். 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நிறுவனங்களுக்கு மூடிக்கிடக்கிறது. வேறு சில தாமாகவே ஒதுங்கிப் போகின்றன. மேற்கு ஆசியாவில் சண்டை மூண்டால் அந்தப் பக்கமும் சுற்ற வேண்டியிருக்கும். நாற்பது நிமிடம் கூடினால் நாலு டன் எண்ணெய் கூடும், அதைச் சுமக்கவும் எண்ணெய் வேண்டும் என்ற பழைய கதை திரும்ப வரும்.

எரிபொருள் எவ்வளவு ஏற்றுவது என்பதை யாரும் குத்துமதிப்பாக முடிவு செய்வதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கு ஒரு பங்கு. பயணத்துக்கு ஒரு பங்கு. காற்று கணித்தபடி அமையாவிட்டால் என்று ஒரு பங்கு. பொதுவிதிப்படி இது பயண எரிபொருளில் 5 சதவீதம். நியூயார்க்கில் இறங்க முடியாமல் போனால் பக்கத்து நிலையத்துக்குப் போவதற்கு ஒரு பங்கு. எல்லாம் தீர்ந்த பிறகும் நிலையத்துக்கு மேலே 1,500 அடியில் 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான, திட்டத்தில் தொடக்கூடாத இருப்பு ஒன்று. இதில் அந்த 5 சதவீதத்தைக் கவனியுங்கள். பயண எரிபொருள் நூறு டன்னைச் சுற்றி இருக்கும் ஒரு விமானத்தில் அது ஐந்து டன், அதாவது பெட்டியோடு ஐம்பது பயணிகள்.

இந்த ஐந்து டன்னைக் குறைக்க நேர்மையான ஒரு வழி உண்டு. திட்டத்தில், பாதையின் பிற்பகுதியில் ஒரு முடிவுப்புள்ளியைக் குறித்துவைப்பார்கள். அந்தப் புள்ளிக்கு வரும்வரை விமானம் தன் வழியிலேயே உள்ள, நியூயார்க்குக்கு முந்தைய ஒரு நிலையத்துக்குப் போவதாகவும் ஒரு கணக்கு ஓடும். அங்கே வந்ததும் விமானிகள் தொட்டியில் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். மீதித் தூரத்துக்கும் அந்த மீதித் தூரத்தின் 5 சதவீதத்துக்கும் போதுமானால் நியூயார்க் நோக்கித் தொடரலாம். போதாவிட்டால் முந்தைய நிலையத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். முழுப்பயணத்துக்கும் 5 சதவீதம் சுமப்பதற்குப் பதில் கடைசிப் பகுதிக்கு மட்டும் சுமந்தால் போதும். "வழியில் எண்ணெய் போட இறக்கிவிட்டார்கள்" என்று எப்போதாவது நெடுந்தூர விமானங்களைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். பதற்றப்பட அதில் ஒன்றும் இல்லை, முன்கூட்டியே போட்ட கணக்கின் ஒரு கிளை அது.

பறக்கும்போதும் எடை தன் வேலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். கிளம்பிய சூட்டில் 280 டன்னோடு 40,000 அடிக்கு ஏற முடியாது. அங்கே காற்று மெல்லியது. அவ்வளவு கனத்தை இறக்கை தாங்காது. அதனால் 31,000 அல்லது 33,000 அடியில் தொடங்கி, எண்ணெய் எரிந்து உடம்பு இளைக்க இளைக்க, படிப்படியாக 39,000, 41,000 என்று ஏறுவார்கள். கிழக்கே போகும் விமானங்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கே போகிறவற்றுக்கு இரட்டைப்படை என்பது பொதுவிதி. உங்கள் முன்னால் உள்ள திரையில் வரைபடப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் இந்தப் படிகளை நீங்களே பார்க்கலாம்: நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை உயரம் 2,000 அடி கூடியிருக்கும். தொடக்கத்தில் மணிக்கு ஏழு டன்னையொட்டி எரியும் எண்ணெய், கடைசியில் ஐந்து டன்னுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அதிகம் பேர் அறியாத ஒன்று, எண்ணெய் உறைவது. வெளியே மைனஸ் 60 பாகை செல்சியசுக்கும் கீழே போகும் வடபுலத்தில் மணிக்கணக்காகப் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் குளிர்ந்துகொண்டே வரும். சிங்கப்பூரில் நிரப்புவது ஜெட் ஏ-1. அதன் உறைநிலை வரம்பு மைனஸ் 47 பாகை. அமெரிக்காவில் பொதுவாகக் கிடைப்பது ஜெட் ஏ. அதன் வரம்பு மைனஸ் 40தான். ஆக, ஒரே விமானம் திரும்பி வரும்போது ஏழு பாகை குறைந்த பாதுகாப்போடு வருகிறது. எண்ணெயின் வெப்பம் வரம்பை நெருங்கினால் விமானிகள் வேகத்தைக் கூட்டுவார்கள். வேகம் கூடினால் காற்று உரசி இறக்கைத்தோல் சற்றுச் சூடாகும். அதுவும் போதாவிட்டால் சூடு கூடிய உயரத்துக்கு இறங்குவார்கள். இரண்டுமே எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும்.

விமானிகள் நான்கு பேர்: இரண்டு கேப்டன், இரண்டு ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி). கேபினில் 13 ஊழியர்கள். விமானிகள் இரண்டிரண்டு பேராக முறைவைத்து ஓட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேரம் வரை ஓய்வு கிடைக்கும். அவர்கள் படுக்கும் இடம் முன்பக்கம், பயணிகளின் கண்ணில் படாத ஒரு சின்ன ஏணிக்கு மேலே, கூரைக்கு உள்ளே. இரண்டு பங்க் படுக்கை, உட்கார்ந்தால் தலை தட்டும் உயரம். கேபின் ஊழியர்களுக்கு இதேபோல் வால்பக்கத்தில். புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லா விமானிகளும் முன்னால் இருப்பார்கள். இத்தனை ஏற்பாடு இருந்தாலும் சட்டம் அனுமதிக்கும் பணிநேரத்தில் மிச்சம் கொஞ்சமே. ஜனவரியில் நியூயார்க்கில் பனி கொட்டும்போது இறக்கையில் பனிநீக்கித் திரவம் அடிக்க வரிசையில் மூன்று மணி நேரம் நின்றால், ஊழியர்களின் பணிநேரம் வரம்பைத் தாண்டிவிடும். விமானத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் கேட்டுக்குத் திரும்பி வந்து, பயணம் மறுநாளைக்குப் போய்விடும். ஏழு மணி நேரப் பயணத்தில் மூன்று மணித் தாமதம் வெறும் தாமதம். இங்கே அது ரத்து. குளிர்காலத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்புகிறவர்கள், சிங்கப்பூரில் இறங்கிய கையோடு அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பதிவு எண்ணில் இருந்தால் தவறவிட்ட இணைப்புக்கு மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் உங்கள் பாடு.

நடுக்கடலில் ஒரு எஞ்சின் நின்றால்? இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தால் உயரத்தைத் தக்கவைக்க முடியாது. மெதுவாக இருபதாயிரத்துச் சொச்சம் அடிக்கு இறங்கி, அங்கே நிலையாக மணிக்கணக்கில் பறக்கும். அப்படி ஒற்றை எஞ்சினோடு எவ்வளவு நேரத்துக்குள் ஒரு நிலையத்தை எட்ட வேண்டும் என்பதற்கு வரம்பு உண்டு. ஏ350 ரகத்துக்கு ஐரோப்பிய ஒழுங்காற்று அமைப்பு 2014இல் 370 நிமிடம் வரை சான்றளித்தது. நடைமுறையில் நிறுவனங்கள் வாங்கிவைத்திருக்கும் அனுமதி இதைவிடக் குறைவாக இருக்கலாம். பசிபிக் மேலே போகும்போது ஜப்பானிய நிலையங்கள், அலூஷியன் தீவுகளில் ஷெம்யா, அலாஸ்காவில் கோல்ட் பே, ஆங்கரேஜ் என்று ஒன்றன்பின் ஒன்றாக எட்டும் தூரத்தில் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அந்த ஊர்களின் வானிலை மோசமாக இருந்தால், பாதையே நகர்த்தப்படும்.

எஞ்சின் நிற்பதைவிடக் கணக்கில் கடுமையானது கேபின் அழுத்தம் இழப்பது. ஆக்சிஜன் முகமூடி கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும் என்பதால் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே காற்று அடர்த்தி. எண்ணெய் தண்ணீராய்ச் செலவாகும். பெருங்கடலின் நடுவில் அப்படி இறங்கியும், பக்கத்து நிலையத்தை எட்டும் அளவு எண்ணெய் எந்த இடத்திலும் மிச்சம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே சரிபார்த்து விடுகிறார்கள்.

இறங்கிய பிறகு வரும் சிரமம் வேறு வகை. 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன போயிங் 777 ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்கு மூலையில் உள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகள். பாதுகாப்பாகத்தான் இறங்கினார்கள். ஆனால் அந்தச் சிறு நகரத்தில் அத்தனை பேருக்கும் தங்குமிடம் இல்லை. கிடைத்த இடத்தில் படுத்து, மாற்று விமானம் வந்து ஏற்றிச் செல்ல இரண்டு நாள் ஆனது. இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: மூன்று நாளைக்கான மாத்திரை, ஒரு மாற்று உடை, ஒரு ஸ்வெட்டர், கைபேசி சார்ஜர் ஆகியவை எப்போதும் கைப்பையில். சரக்கறைக்குப் போன பெட்டி அந்த இரண்டு நாளும் உங்கள் கைக்கு வராது.

பயணிக்கு நெஞ்சுவலி மாதிரி அவசரம் வந்தால் கேபின் ஊழியர்கள் முதலுதவி தொடங்கி, செயற்கைக்கோள் தொடர்பில் தரையிலுள்ள மருத்துவர்களிடம் பேசுவார்கள். எங்கே இறங்குவது என்று கேப்டன் முடிவெடுப்பார். கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் இது நடந்தால் எடை மறுபடி குறுக்கே வரும். இந்த விமானம் இயல்பாகத் தரையிறங்க அனுமதிக்கப்பட்ட எடை 205 டன்னைச் சுற்றித்தான். 270 டன்னோடு பறந்துகொண்டிருந்தால், எண்ணெயை வெளியே கொட்டும் வசதி இருந்தால் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் வட்டமடித்து எரிக்க வேண்டும். உயிர் அவசரம் என்றால் அந்தக் கனத்தோடே மெல்ல இறக்கிவிட்டு, பிறகு சக்கரத்தையும் விமானத்தின் உடற்சட்டத்தையும் முழுசாகச் சோதிக்க வேண்டும்.

இனி அப்பா அம்மா. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தத் தடம் பொருந்தவே பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்தூரம் சுமார் 13,500 கி.மீ. முதலில் கிழக்கே 2,900 கி.மீ. பறந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து 15,349 கி.மீ. என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 4,750 கி.மீ. சுற்று. வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ போவதே முறை. சிங்கப்பூர், ஜொகூர், கோலாலம்பூர், ஜகார்த்தா பக்கம் இருப்பவர்களுக்குத்தான் இது சரியான தேர்வு. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் அதே நிறுவனம் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் ஜே.எஃப்.கே. போகிறது, அதில் எகானமி உண்டு, மொத்த நேரம் ஒரு நாளையொட்டி ஆகும். முதியவர்களுக்கு எது நல்லது என்பது அவர்களுடைய உடம்பைப் பொறுத்தது. இறங்கி ஏறுவதும் வேற்றூர் நிலையத்தில் கேட் தேடுவதும் பயமாக இருப்பவர்களுக்கு நேர்ப்பயணம் பெரிய நிம்மதி. முழங்கால் வலி, மூச்சிரைப்பு, அடிக்கடி கழிவறை என்று இருப்பவர்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் காலாற நடப்பது மேல் என்று நான் நினைக்கிறேன்.

பிரீமியம் எகானமியில் இருக்கை வரிசை 2-4-2. வால்பக்கம் உடம்பு ஒடுங்குவதால் கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கைதான். அப்படி மொத்தம் ஆறு. தனியே போகிறவர்களுக்கு அவை அருமையானவை: யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். கணவன் மனைவியாகப் போனால் சன்னலோர ஜோடி இருக்கையை எடுங்கள். நடுவில் உள்ள நாலில் உள்பக்க இருக்கையை முதியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சக்கரநாற்காலி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

உடல்நலக் கணக்கு இது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் எந்தப் பயணமும் காலில் இரத்தம் உறையும் ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. இரட்டிப்பானாலும் ஆரோக்கியமானவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவே. ஆனால் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை இரத்தம் உறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து பல மடங்கு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதினெட்டு மணி நேரப் பயணத்தில் ஏறக்கூடாது. அழுத்தக் காலுறை வாங்கினால் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் அளவில், கணுக்காலில் 15–30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று குறித்ததை வாங்குங்கள். காலை எழுந்ததும், கால் வீங்கும் முன் அணிய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, இவை இரண்டும் காசில்லா மருந்து.

இந்த விமானத்தின் கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம்; குன்னூரில் உட்கார்ந்திருப்பது போல. பழைய விமானங்களில் இது 8,000 அடி வரை, அதாவது ஊட்டிக்கும் மேலே. பதினெட்டு மணி நேரத்தில் இந்த வித்தியாசம் தலைவலியிலும் களைப்பிலும் தெரியும். இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு 6,000 அடியும் சிரமம் தரலாம். அவர்கள் பயணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். காற்று வறண்டிருக்கும். ஊழியர் நீட்டும் சின்ன டம்ளரை நம்பாமல், பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் ஒரு லிட்டர் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். கைப்பையில், மருந்துச்சீட்டோடு. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு. எந்த ஊர் நேரப்படி எத்தனை யூனிட் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடத்தில் நேர வித்தியாசம் கோடையில் சரியாக 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. கோடையில் முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். பகல் இரவாகும், அவ்வளவுதான். உடம்புக்கு அப்படி இல்லை. உடம்பின் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடுதலாகத்தான் நகரும். ஆகவே முதல் ஒரு வாரம் நடுநிசியில் பசிப்பதும் மதியம் கண் சொருகுவதும் இயல்பு. இறங்கிய அன்றே அந்த ஊர்ப் பகல் வெளிச்சத்தில் நடக்க வையுங்கள்; மதியத் தூக்கம் அரை மணியைத் தாண்ட விடாதீர்கள்.

கடைசியாக, பலரும் சறுக்கும் இடம் தேதி. நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30க்குக் கிளம்புகிற விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு மணி நாற்பது நிமிடம் பறந்து சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே கோடை நேரக் கணக்கில் புதன் விடிகாலை 5.10. செவ்வாய்க்கிழமை என்ற ஒரு நாள் முழுக்க ஆகாயத்திலேயே போய்விடும். புதன் காலை முகூர்த்தத்துக்கு வர வேண்டியவருக்குத் திங்கள் இரவு டிக்கெட் எடுப்பது கத்திமேல் நடக்கிற வேலை; ஞாயிறு இரவு கிளம்பச் சொல்லுங்கள்.